பாதுகாப்பைக் கண்டுகொள்ளாத நிர்வாகத்தை எதிர்கொள்வது எப்படி? கடலூர், புதுச்சேரித் தொழிலாளர்களுக்கு முழுமையான வழிகாட்டி

குடிகாடு சிப்காட்டில் கெமிக்கல் கம்பெனி, சேதராப்பட்டில் பிரஸ் ஷாப், மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் மோல்டிங், ஏதோ ஒரு சைட்டில் சாரவேலை. எங்கே போனாலும் நிலைமை ஒன்றுதான். ஆபத்து கண்ணெதிரே இருக்கிறது. சொன்னால் "பார்த்துக்கலாம், முதல்ல வேலையை முடி" என்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன செய்வது, எதை முதலில் செய்வது என்பதைப் படிப்படியாக இங்கே எழுதியிருக்கிறோம்.

வரிசையை மாற்றாதீர்கள். உண்மையான புகார்கள் பல, வரிசை தவறியதால்தான் வீணாகின்றன. கையில் ஒரு தாளும் இல்லாமல் நேரே கலெக்டர் ஆபீசில் மனு கொடுப்பார்கள். மனு சம்பந்தப்பட்ட துறைக்கு இறங்கி வருவதற்குள் விஷயம் கம்பெனிக்குத் தெரிந்துவிடும். அரசின் தொழிற்சாலை ஆய்வாளர் வரும் நாளில், இயந்திரத்திலிருந்து கழற்றி வைத்த கார்டு (சுழலும் பாகத்தை மறைக்கும் காப்பு மூடி) திரும்ப மாட்டப்பட்டிருக்கும், மனு கொடுத்தவருக்கு கேட் பாஸ் இருக்காது.

1. உடனடி ஆபத்தா, நாள்பட்ட அலட்சியமா? முதலில் பிரியுங்கள்

இரண்டுக்கும் வழி வேறு. இன்றைக்கே உயிர் போகக்கூடியது உடனடி ஆபத்து. வாயு சோதனை செய்யாமல் தொட்டிக்குள் இறங்கச் சொல்வது, கரைப்பான் வாடை வீசும் இடத்தில் வெல்டிங் வைக்கச் சொல்வது, மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டுப் போடாமல் மிக்ஸருக்குள் கை விடச் சொல்வது, பெல்ட் இல்லாமல் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஏற்றுவது எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு 2ஆம் படி.

செருப்போடு வேலை வாங்குவது, கையுறை தராதது, கண் கழுவும் குழாயில் தண்ணீர் வராதது, கிரேனுக்குச் சோதனைச் சான்று இல்லாதது, வருடாந்தர மருத்துவப் பரிசோதனை நடக்காதது போன்றவை நாள்பட்ட அலட்சியம். இவற்றுக்கு 3ஆம் படியிலிருந்து போங்கள்.

புதியவர்கள் இரண்டையும் ஒரே மனுவில் கலக்கிறார்கள். கேன்டீன் சாப்பாடு, ஓவர்டைம் பாக்கி, டாய்லெட், எல்லாவற்றுக்கும் கடைசியில் "தொட்டியில் கேஸ் பார்ப்பதில்லை" என்று ஒரு வரி. படிக்கும் அதிகாரி அதைச் சம்பளத் தகராறு என்று எடுத்துக்கொண்டு வேறு மேசைக்கு அனுப்பிவிடுவார். பாதுகாப்புக்குத் தனி மனு, சம்பளத்துக்குத் தனி மனு.

2. உடனடி ஆபத்து: அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது

மூடிய இடங்களில் இறங்கும் வேலையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கழிவுநீர்த் தொட்டி, சம்ப், ரியாக்டர், டேங்கர் எதுவானாலும் மேன்ஹோல் வழியாக இறங்கும் முன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்.

முதலாவது பெர்மிட், அதாவது உள்ளே இறங்க எழுத்தில் தரும் அனுமதிச் சீட்டு. இந்தத் தொட்டியின் பெயர், இன்றைய தேதி, நேரம், பொறுப்பாளர் கையெழுத்து நான்கும் அதில் இருக்க வேண்டும். நேற்றைய பெர்மிட் இன்றைக்குச் செல்லாது. ராத்திரியோடு உள்ளே வாயு சேர்ந்திருக்கும்.

இரண்டாவது வாயு மீட்டர் காட்டும் அளவு. ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வெளிக்காற்றில் அது 20.9. எரியும் வாயு அதன் கீழ் வெடிப்பு எல்லையில் (காற்றில் கலந்து தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில்) 10 சதவீதத்தைத் தொட்டாலே இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு 10 பிபிஎம்மைத் (பத்து லட்சம் பங்கு காற்றில் 10 பங்கு) தாண்டக் கூடாது. மீட்டரை வாயிலில் மட்டும் காட்டிவிட்டு "ஓகே" சொல்வது வழக்கமான தவறு. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில்தான் தேங்கும். மீட்டரைக் கயிற்றிலோ குழாயிலோ இறக்கி மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வெளியே ஓர் ஆள். உள்ளே இருப்பவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இருக்கக் கூடாது. நான்காவது, உடம்பில் ஹார்னஸ் (உடம்பு முழுக்கக் கட்டும் பாதுகாப்புப் பட்டை), அதில் கயிறு, கயிற்றின் மறுமுனை வெளியே மேன்ஹோலுக்கு மேல் நிறுத்திய மூன்றுகால் தாங்கியில். அப்போதுதான் மயங்கியவரை யாரும் உள்ளே இறங்காமல் தூக்க முடியும்.

அழுகிய முட்டை நாற்றத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று பலர் நம்புகிறார்கள். ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் அளவுக்கு ஏறும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இறங்கியதும் நாற்றம் சட்டென மறைந்தால் உடனே மேலே ஏறுங்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் காப்பாற்ற இறங்காதீர்கள். கயிற்றை இழுங்கள், கத்தி ஆள் சேருங்கள், 108க்கும் தீயணைப்புத் துறைக்கும் சொல்லுங்கள். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று உயிர் போவது, முதல் ஆளைத் தூக்கப் பின்னாலேயே இறங்குவதால்தான்.

இந்த நான்கில் ஒன்று இல்லையென்றாலும் வேலையைத் தொடங்காதீர்கள். அதை எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். "நான் செய்ய மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியேறினால், பணிய மறுத்தார், வேலையை விட்டு ஓடினார் என்று எழுதிவிடுவார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "சார், கேஸ் டெஸ்ட் ஆகலை. டெஸ்ட் பண்ணி பெர்மிட் குடுத்தா இப்பவே இறங்குறேன். அதுவரைக்கும் வேற வேலை குடுங்க, இங்கதான் இருக்கேன்." ஷிப்ட் முடியும்வரை வளாகத்தை விட்டு நகராதீர்கள்.

அடுத்த வேலையாக இதையே எழுத்தாக்குங்கள். சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போதும்: நேரம், தொட்டியின் பெயர், என்ன இல்லை, வேறு வேலைக்குத் தயார். கடுமையான காயமோ சாவோ உடனே நேரலாம் என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி, அதை நிர்வாகத்துக்கும் அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கச் சட்டம் இடம் தருகிறது. நிர்வாகம் ஒப்புக்கொண்டால் உடனே சரிசெய்து ஆய்வாளருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் விஷயத்தை ஆய்வாளருக்கு அனுப்பியாக வேண்டும். அவர் முடிவே இறுதி. உங்கள் இரண்டு வரிச் செய்திதான் இதற்கெல்லாம் தொடக்கம்.

எல்லோரும் சேர்ந்து மறுநாள் லீவு போடலாம் என்று யாராவது கிளப்புவார்கள். வேண்டாம். ஒரே நாளில் பாதிப்பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கேஷுவல் லீவு எடுத்தால் இப்போதைய சட்டத்தில் அதுவும் வேலைநிறுத்தம்தான். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஒரு தொட்டியில் இறங்க மறுத்த நியாயமான செயலை, சட்டவிரோத ஸ்டிரைக் என்று திருப்ப நாமே வழிவிடக் கூடாது.

3. முதலில் நீங்கள் அங்கே வேலை செய்பவர் என்பதற்குச் சான்று

இதைத் தாவிப்போய்ச் சிக்கியவர்கள் நிறைய, அதிலும் காண்ட்ராக்ட் ஆட்கள். புகார் போனதும் நிர்வாகத்தின் முதல் பதில், "அவர் எங்க ஆளே இல்லை."

பணி நியமனக் கடிதம், சம்பள ரசீது அல்லது சம்பளம் ஏறிய வங்கிப் பக்கம், கேட் பாஸின் இரண்டு பக்கமும், இஎஸ்ஐ எண், பிஎஃப் எண், தினப்படி வேலையைச் சொல்லி வரும் வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றைப் படமெடுத்து, வீட்டில் உள்ள ஒருவரின் போனுக்கும் அனுப்பி வையுங்கள். போனைப் பிடுங்கினாலும் அவை இருக்கும். நியமனக் கடிதம் தரவில்லையென்றால் கேளுங்கள், இப்போது அதைத் தருவது சட்டக் கடமை.

இஎஸ்ஐ எண் உண்மையிலேயே உயிரோடு இருக்கிறதா என்று இஎஸ்ஐ தளத்தில் பாருங்கள். 0.75 சதவீதம் உங்கள் சம்பளத்தில் பிடித்தும் கட்டாமல் இருப்பார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்குத்தான் இஎஸ்ஐ. அதற்கு மேல் போனால் விபத்து இழப்பீட்டுக்கு வழி வேறு. 9ஆம் படியில் சொல்கிறோம்.

காண்ட்ராக்டர் பெயரை மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதாது. வேலை நடக்கும் இடம் யாருடையதோ அந்த நிறுவனத்தின் முழுப் பெயரும் முகவரியும் வேண்டும். கேட் பலகையில் இருப்பதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இயந்திரமும் தொட்டியும் அவர்கள் கையில் இருப்பதால், பாதுகாப்புக்கும் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

4. குறிப்பேடு: இரண்டு வாரமாவது எழுதுங்கள்

40 பக்க நோட்டு ஒன்று. பக்கம் கிழிக்கக் கூடாது, இடைவெளி விடக் கூடாது, ஒரே நாளில் உட்கார்ந்து பழைய தேதிகளைப் போட்டு எழுதக் கூடாது. ஒரே பேனா, ஒரே கையெழுத்து ஓட்டம் என்றால் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

பலர் எழுதுவது இப்படி: "கம்பெனியில் பாதுகாப்பே இல்லை. தினமும் உயிரைப் பணயம் வைக்கிறோம்." உண்மைதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு ஆய்வாளர் எந்த இயந்திரத்தின் முன்னால் போய் நிற்பார்?

எழுத வேண்டியது இப்படி: "செவ்வாய், இரண்டாம் ஷிப்ட், மாலை 4.20. பி பிளாக் தரைத்தளம், மூன்றாம் எண் பம்ப். மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே உள்ள கப்ளிங் கார்டு இல்லை, நான்கு போல்ட் ஓட்டையும் காலி. கார்டு பக்கத்துச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டுள்ளது. ஷிப்ட் இன்சார்ஜிடம் சொன்னேன். அடுத்த ஷட்டவுனில் போடலாம் என்றார். அருகில் இரண்டு பேர் இருந்தனர்." இடம், பொருள், நேரம், யாரிடம் சொன்னது, என்ன பதில், யார் பார்த்தது. ஆறும் இருந்தால் அந்த வரி சாட்சியாக நிற்கும்.

போட்டோ எடுப்பதில் ஓர் எச்சரிக்கை. கரைப்பான், எரிவாயு இருக்கும் பகுதிக்குள் சாதாரண போன் தீப்பொறிக்குக் காரணமாகலாம் என்பதால் அங்கே போனுக்குத் தடை இருக்கும். அந்தத் தடை நியாயமானது. மீறினால் உங்களையே விதிமீறியவராக நிறுத்துவார்கள். அங்கே நோட்டு மட்டும். தடை இல்லாத இடத்தில், ஆள் முகம் விழாமல், இயந்திர எண் தெரியும்படி ஒரு படம், தள்ளி நின்று முழு இடமும் தெரியும்படி இன்னொன்று.

எதை எங்கே பார்ப்பது என்று தெரியாதவர்களுக்குச் சில: கிரேன், செயின் பிளாக், ஸ்லிங் ஆகியவற்றில் எவ்வளவு டன் தூக்கலாம் என்ற எண் பொறித்திருக்க வேண்டும், 12 மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் சோதித்த பதிவு வேண்டும். ஆள், சரக்கு ஏற்றும் லிஃப்டுக்கு அது 6 மாதம். ஹெல்மெட்டில் ஐ.எஸ். 2925, ஷூவில் ஐ.எஸ். 15298, ஹார்னஸில் ஐ.எஸ். 3521 என்ற எண்ணைத் தேடுங்கள். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டைக் கொடுத்தால் அதையும் எழுதுங்கள். விழும்போது அது முதுகெலும்பை முறித்துவிடலாம்.

ரசாயனம் என்றால் அதன் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்கள். அதில் 16 பகுதிகள் இருக்கும். 4ஆம் பகுதியில் முதலுதவி, 8ஆம் பகுதியில் எந்தக் கையுறை, எந்த மாஸ்க் என்று இருக்கும். கரைப்பான் ஆவிக்குத் துணி மாஸ்க் கொடுத்திருந்தால், 8ஆம் பகுதி சொல்வதையும் கையில் கொடுத்ததையும் ஒரே பக்கத்தில் எழுதிவிடுங்கள். இந்தத் தகவலைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. ஹெல்மெட், ஷூ, மருத்துவப் பரிசோதனைக்கு உங்கள் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. பிடித்திருந்தால் அந்த ரசீதையும் சேருங்கள்.

இதோடு உங்கள் பக்கத்தையும் சரிபாருங்கள். கொடுத்த கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் வைத்துக்கொண்டு வேலை செய்தால், தொழிலாளியின் கடமையை மீறியதாக உங்கள் மேலேயே அபராதம் வரலாம். அது 10,000 ரூபாய் வரை போகும்.

5. உங்கள் இடம் யார் எல்லையில்?

கடலூர்–புதுச்சேரிப் பகுதிக்கே உரிய சிக்கல் இது. வீடு கடலூரில், வேலை கிருமாம்பாக்கத்தில். அல்லது வீடு பாகூரில், வேலை குடிகாட்டில். பஸ்ஸில் அரைமணி நேரம்தான், ஆனால் அரசு வேறு. வீடு எங்கே என்பது கணக்கில் இல்லை. தொழிற்சாலை நிற்கும் இடம்தான் கணக்கு. தவறான அலுவலகத்தில் மனு கொடுத்தால் வாரக்கணக்கில் தூங்கித் திரும்பி வரும்.

கடலூர் மாவட்டத் தொழிற்சாலை என்றால் தமிழ்நாடு அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை. அதன் இணை இயக்குநர் அலுவலகம் கடலூரிலேயே இருக்கிறது, தலைமை சென்னை கிண்டியில். கட்டட வேலையின் பாதுகாப்பும் தமிழ்நாட்டில் இதே துறையிடம்தான். பாய்லருக்கு மட்டும் தனி இயக்குநரகம்.

புதுச்சேரிப் பகுதி என்றால் தொழிற்சாலைகள் மற்றும் கொதிகலன்கள் தலைமை ஆய்வாளர். பாய்லரும் அங்கேயே.

நெய்வேலியில் சுரங்கத்துக்குள் நடக்கும் வேலை என்றால் மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம். வாயு, கழிவுநீர் வேலியைத் தாண்டி ஊருக்குள் வந்தால் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் ஒரு நகல். வேலையிடத்துக்குள் இருக்கும் ஆபத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பதில் சொல்லாது.

எந்தச் சட்டம் என்று குழம்ப வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்துக்குப் பதிலாகத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், 2020 நடைமுறையில் இருக்கிறது. மனுவில் பிரிவு எண் எழுதத் தேவையே இல்லை. தவறான எண்ணை எழுதி அதைப் பிடித்து வாதாட இடம் கொடுப்பதைவிட, எந்த பம்ப், எந்தத் தொட்டி என்று சரியாக எழுதுவது மேல்.

6. நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள்

உள்ளே சொல்லாமல் வெளியே போனால், "எங்களிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே சரிசெய்திருப்போம்" என்பார்கள். அந்த வாயை அடைக்கவே இந்தப் படி. பாதுகாப்புக் குழு இருந்தால் அதிலுள்ள தொழிலாளர் பிரதிநிதி மூலம் கொடுங்கள். குழுவில் தொழிலாளர் தரப்பு எண்ணிக்கை நிர்வாகத் தரப்பைவிடக் குறையக் கூடாது. உறுப்பினர் யார் என்றே தெரியாத இடங்களில் அதுவே ஒரு குறை, எழுதலாம். யூனியன் இருந்தால் யூனியன் தாளில் போகட்டும். எதுவும் இல்லையென்றால் குறைந்தது ஐந்து பேர், வெவ்வேறு ஷிப்டிலிருந்து. ஒடிசா, பீகார் ஆட்கள் இருந்தால் இந்தியில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பெரும்பாலும் தொட்டிக்குள் முதலில் இறக்கப்படுவது அவர்கள்தான்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது:

பெறுநர்: தொழிற்சாலை மேலாளர் அவர்கள்
பொருள்: பி பிளாக் மூன்றாம் எண் பம்ப், கப்ளிங் கார்டு இல்லாதது குறித்து

ஐயா, மேற்படி பம்பில் கப்ளிங் கார்டு கடந்த 12 நாட்களாக இல்லை. அதன் அருகே நடந்துதான் வால்வைத் திறக்க வேண்டியுள்ளது. சட்டை சிக்கினால் கை போகும். இது குறித்து ஷிப்ட் இன்சார்ஜிடம் மூன்று முறை வாய்மொழியாகத் தெரிவித்தோம் (தேதிகள் கீழே). கார்டு பொருத்தும்வரை பம்பை நிறுத்தி மாற்று பம்பை இயக்கவும், எடுத்த நடவடிக்கையை 7 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

இதில் திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. குறை, அதனால் வரும் காயம், ஏற்கெனவே சொன்ன தேதி, கேட்கும் தீர்வு, கெடு. "7 நாட்கள்" என்ற கெடு இல்லாமல் கொடுத்தால் அடுத்த படிக்கு எப்போது போவது என்று உங்களுக்கே தெரியாது.

நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து கேளுங்கள். தர மாட்டார்கள். அதே நாளில் தபால் ஆபீஸ் போங்கள். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால், ஸ்பீட் போஸ்ட்டிலேயே பதிவு சேவையும் பட்டுவாடாச் சான்றும் கேட்டு வாங்குங்கள். ரசீதை நகலின் பின்னால் பின் போட்டு, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மை சில மாதத்தில் மங்கிவிடும்.

7. ஆய்வாளருக்குப் புகார்

கெடு முடிந்த மறுநாள் கொடுங்கள். அதற்கு மேல் விட்டால் "அவ்வளவு ஆபத்தென்றால் இத்தனை நாள் ஏன் பேசாமல் இருந்தீர்கள்?" என்ற கேள்வி வரும்.

முதல் பத்தியில் தொழிற்சாலையின் பெயர், முகவரி, என்ன தயாரிக்கிறது, சுமார் எத்தனை பேர், எத்தனை ஷிப்ட். இரண்டாவதில் குறைகள், அதிகம் போனால் ஐந்து, ஆபத்து மிகுந்தது முதலில். மூன்றாவதில் எந்த நேரத்தில் வந்தால் பார்க்க முடியும் என்பது. இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தொட்டி சுத்தம் ராத்திரி ஷிப்டில் மட்டும் நடக்கிறதென்றால், பகல் 11 மணிக்கு வரும் ஆய்வாளருக்குச் சுத்தமான தரைதான் தெரியும். "வாரத்தில் சனி இரவு 10 மணிக்கு மேல்" என்று எழுதுங்கள்.

நிர்வாகத்துக்குக் கொடுத்த கடிதத்தின் நகல், தபால் ரசீது நகல், குறிப்பேட்டின் முக்கியப் பக்கங்களின் நகல் இணைப்பு. மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். நேரில் போய்த் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

பெயர் போடுவதா? போடுங்கள் என்பதே எங்கள் கருத்து. பெயரில்லா மொட்டைக் கடிதம் பெரும்பாலும் குப்பைக்குப் போகும். மேலதிக விவரம் கேட்கவும் ஆள் இருக்காது. புகார் கொடுத்தவர் யார் என்பதை ஆய்வாளர் ரகசியமாக வைக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. புகாரின் பேரில்தான் வந்திருக்கிறேன் என்று நிர்வாகத்திடம் சொல்லவும் கூடாது. மனுவிலேயே "எங்கள் விவரங்களை ரகசியமாக வைக்கவும்" என்று ஒரு வரி சேருங்கள்.

ஆனால் பெயரை மறைத்தாலும் விவரம் காட்டிக்கொடுக்கும். "14ஆம் தேதி இரவு பம்ப் அறையில் தனியாக இருந்தபோது" என்று எழுதினால், ரோஸ்டரைப் பார்த்து இரண்டு நிமிடத்தில் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பல ஷிப்டுக்கும் பொதுவான விவரத்தை எழுதுங்கள். தனியாகப் பார்த்ததை நேரில் வாயால் சொல்லுங்கள்.

ஆய்வு நாளில் ஆய்வாளர் உங்களிடம் ஏதாவது கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில். கூடவே மேலாளர் நின்றால் "தனியாகச் சொல்கிறேன்" என்று சொல்லலாம். கார்டு அன்று காலையில்தான் மாட்டப்பட்டது என்றால் அதைச் சொல்லுங்கள். புது பெயின்ட், புது போல்ட் அவர் கண்ணுக்குத் தெரியும்.

8. ஒரு மாதமாகியும் அசைவில்லையென்றால்

இப்போதுதான் கலெக்டர் அலுவலகம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில், முத்திரை வாங்கிய நகல்களை இணைத்து மனு கொடுத்து மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் முதல்வர் உதவி மையம் 1100இலும் பதியலாம். கையில் தேதியுள்ள தாள்கள் இருப்பதால், இந்த மனு துறைக்குத் திரும்பிப் போனாலும் "புதிய புகார்" என்று தொடங்க முடியாது. ஏற்கெனவே வந்த புகாருக்கு என்ன செய்தீர்கள் என்ற கேள்வியாகப் போகும்.

கூடவே தகவல் உரிமை மனு, கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டு அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. தாளைக் கேளுங்கள்: இந்தத் தேதியிட்ட புகார் மீதான கோப்புக் குறிப்பின் நகல், ஆய்வு அறிக்கையின் நகல், நிர்வாகத்துக்கு அனுப்பிய நோட்டீஸின் நகல். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இந்த மனுவை நீங்கள் போடாமல் யூனியனோ ஊர்க்காரர் ஒருவரோ போடுவது நல்லது. ஆவணம் கம்பெனி சம்பந்தப்பட்டது என்பதால், தருவதற்கு முன் கம்பெனியின் கருத்தைக் கேட்டுத் துறை கடிதம் எழுதக்கூடும்.

9. அதற்குள் விபத்து நடந்துவிட்டால்

இங்கே முதல் ஒரு மணி நேரத்தில் செய்யும் தவறைப் பிறகு திருத்துவது மிகக் கடினம். அடிபட்டவரை கம்பெனி வண்டியில் ஏதோ ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோய், "பைக்கிலிருந்து விழுந்தேன்னு சொல்லு, செலவை நாங்க பார்த்துக்கறோம்" என்பார்கள். வலியில் இருப்பவர் தலையாட்டிவிடுவார். அந்த வரி சீட்டில் ஏறிய பிறகு இஎஸ்ஐயும் இழப்பீடும் எட்டாமல் போகும்.

உடன் போகும் ஆள் இதற்குப் பொறுப்பெடுங்கள். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையோ ஜிப்மரோ இஎஸ்ஐ மருத்துவமனையோ, எங்கே போனாலும் மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: "கம்பெனியில், இன்ன இயந்திரத்தில், இத்தனை மணிக்கு." விபத்துப் பதிவேட்டில் அது ஏற வேண்டும். அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி என்பார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். ரசாயனம் பட்டிருந்தால் அதன் பெயரைச் சொல்லுங்கள், முடிந்தால் தகவல் தாளையே எடுத்துப்போங்கள். சிகிச்சையே அதைப் பொறுத்து மாறும்.

காயத்தால் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாவிட்டால், நிர்வாகம் அதை ஆய்வாளருக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவித்தார்களா என்று காத்திருக்காமல் நீங்களும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். இஎஸ்ஐ உள்ளவருக்கு, வேலைக்கு முடியாத நாட்களுக்குச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். அதற்கு இஎஸ்ஐ மருத்துவரின் சான்றும் நிர்வாகத்தின் விபத்து அறிக்கையும் வேண்டும். அறிக்கை அனுப்பாமல் இழுத்தடித்தால் இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் எழுத்தில் சொல்லுங்கள்.

இஎஸ்ஐ இல்லாதவருக்கு இழப்பீட்டை நிர்வாகமே தர வேண்டும். தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அதிகாரியிடம் இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். "முழுத் தொகை பெற்றுக்கொண்டேன்" என்று பிறகு நிரப்பிக்கொள்வார்கள். பாதுகாப்புக் கடமையை மீறியதால் உயிர் போனால் 2 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ உண்டு. அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். அது இழப்பீட்டுக்குப் பதில் அல்ல, இழப்பீடு தனி.

சம்பவ இடத்தைக் கழுவிவிடத் துடிப்பார்கள். தடுக்கப் போய்க் கைகலப்பில் இறங்காதீர்கள். பார்த்ததை நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதுங்கள்: கழுவச் சொன்னது யார், எத்தனை மணிக்கு.

10. பழிவாங்கினால்

வேறு யூனிட்டுக்கு மாற்றம், ஓவர்டைம் நிறுத்தம், மெமோ, கடைசியில் கேட்டில் நிறுத்துவது. இந்த வரிசையில்தான் பெரும்பாலும் வரும்.

மெமோ வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் அதுவே இன்னொரு குற்றச்சாட்டாகும். பெற்ற தேதியை எழுதிக் கையெழுத்திடுங்கள். கொடுத்த கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். அதில் உங்கள் பாதுகாப்புக் கடிதத்தின் தேதியையும் மெமோவின் தேதியையும் அடுத்தடுத்து எழுதுங்கள். 5ஆம் தேதி கடிதம், 9ஆம் தேதி மெமோ என்றால் அந்த நான்கு நாள் உங்களுக்காகப் பேசும்.

ராஜினாமா எழுதிக் கேட்பார்கள். "நீயா போனா செட்டில்மென்ட் உடனே" என்பார்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் அது வேலைநீக்கம் இல்லை என்பார்கள், வழக்கு நிற்பதும் கடினம்.

கேட்டில் நிறுத்தினால் அடுத்த மூன்று நாளும் ஷிப்ட் நேரத்துக்குக் கேட்டுக்குப் போங்கள். ஒருவரைத் துணைக்கு அழைத்துப்போய், நேரத்தைக் குறித்து, அன்றைக்கே மேலாளருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் "வேலைக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை" என்று எழுதுங்கள். இதைச் செய்யாவிட்டால் "தானாக வேலையை விட்டு நின்றார்" என்பார்கள். அதை உடைக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

பிறகு தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு. 45 நாளில் தீர்வு கிடைக்காவிட்டால் நீங்களே நேரடியாகத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வேலையிலிருந்து நீக்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் கெடு. வக்கீலுக்குக் காசில்லை என்று நிற்காதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார், தொழிலாளிக்கு அதில் தனித் தகுதி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டு, குறிப்பேட்டையும் தபால் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.